மிஷின் கனக்கிறதா, கத்துகிறதா, துணியில் கறையா? எங்கே எண்ணெய், எங்கே கிரீஸ்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறேன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு என்று வண்டியில் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் உண்டு. கழற்றிப் பார்த்தால் பல மிஷினில் எதுவும் உடைந்திருக்காது. தேங்காய் எண்ணெய் இருக்கும், பைக் ஆயில் இருக்கும், சைக்கிள் கடை கிரீஸ் இருக்கும். ஆளுக்கு ஆள் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எந்த அறிகுறிக்கு எதைப் போடுவது, எதைத் தொடவே கூடாது என்று எழுதியே வைத்துவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரே ஒரு கணக்கு. ஊசியைத் தாங்கும் நீடில் பார், மேலே ஓடும் மெயின் ஷாஃப்ட், கீழ் நூலைக் கோக்கும் ஷட்டிலை ஆட்டும் ஷாஃப்ட் எல்லாம் புஷ் என்கிற உலோகக் குழாய்க்குள் ஓடுகின்றன. நடுவில் இருக்கும் இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. அதற்குள் நீர்த்த எண்ணெய்தான் இறங்கும். கெட்டியானது வாசலிலேயே நின்றுவிடும், பஞ்சையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும். பல் சக்கரம் அப்படியில்லை, திறந்த வெளியில் சுற்றுகிறது. அதில் நீர்த்த எண்ணெய் விட்டால் இரண்டு சுற்றில் சிதறிப் போய்விடும். அங்கே ஒட்டிக்கொண்டு நிற்க கிரீஸ் வேண்டும். மூடிய புஷ்ஷுக்கு எண்ணெய், திறந்த பல்லுக்கு கிரீஸ். கீழே வருவதெல்லாம் இந்தக் கணக்குதான்.

முதலில், பாட்டிலில் இருப்பது மிஷின் ஆயில்தானா?

தையல் மிஷின் ஆயில் நன்றாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய். தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும், வாசனையும் அநேகமாக இருக்காது. பெரிய டின்களில் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. என்று போட்டு ஓர் எண் இருக்கும். 40 டிகிரி செல்சியஸில் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண் அது. எண் ஏற ஏற எண்ணெய் கெட்டி. வேகமாக ஓடும் ஜூக்கி வகை பவர் மிஷினுக்கு 7 அல்லது 10. காலால் மிதிக்கும் கறுப்பு மிஷினுக்கு 22 வரை போகலாம். பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில், பவர் மிஷின் எண்ணெயைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டி. எஞ்சினுக்கென்று மருந்துகள் வேறு கலந்திருக்கும். வெள்ளைச் சட்டைத் துணியில் அது ஒரு சொட்டு பட்டால் அந்தப் பீஸை மறந்துவிட வேண்டியதுதான்.

லேபிள் இல்லாத சின்ன பாட்டிலில் சில்லறையாக வாங்கினால் மூன்று சோதனை செய்து பாருங்கள். மோந்து பாருங்கள், மண்ணெண்ணெய் வாடை அடித்தால் கலப்படம். வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு சொட்டு விட்டு சோப்புப் போட்டு அலசுங்கள். மஞ்சள் வளையம் நின்றால் வேண்டாம். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு ஒரு வாரம் வையுங்கள். விரலில் பிசுபிசுத்தால் உங்கள் மிஷினுக்குள்ளும் அதுதான் நடக்கும்.

காலையில் கனம், பத்து மணிக்கு மேல் லேசு

ஒரு மார்கழியில் காசிமேட்டிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். "தம்பி, காலைல மிதிக்கவே முடியல, மாடு மாதிரி இழுக்குது. பத்து மணிக்கு மேல தானா சரியாயிடுது. பேய் கீய் புடிச்சிருக்கா?"

"என்னா எண்ணெ போட்டீங்கக்கா?"

"தலைக்குத் தேய்க்கிறதுதான். நல்ல எண்ணெதான் தம்பி."

நல்ல எண்ணெய்தான், தலைக்கு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி, தை விடிகாலையில் நம் ஊரிலேயே அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. அலமாரியில் பாட்டில் உறைந்து நிற்பதைப் பார்க்கிறோமே, அதே சமாச்சாரம் புஷ்ஷுக்குள்ளும் நடக்கிறது. வெயில் ஏறினால் இளகிவிடும், பேயும் ஓடிவிடும். ஆனால் கோடைக்கு வந்து இதைவிட மோசமான வேலை நடக்கும்: எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டு, பஞ்சோடு சேர்ந்து பழுப்பு நிறப் பிசினாகிவிடும். சமையலுக்கான சூரியகாந்தி எண்ணெய் இன்னும் சீக்கிரம் பிசினாகும்.

கனம் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டுக் கை வையுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மேலே இருக்கும் வீலைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் தலைப் பகுதியில் குற்றமில்லை, கனம் கீழே மிதியில் இருக்கிறது. அப்போதும் கனமாக இருந்தால், பாபின் சுற்றும்போது தளர்த்துவோமே, வீலின் நடுவில் இருக்கும் அந்த வட்டத் திருகைத் தளர்த்திவிட்டு வீலை மட்டும் சுற்றிப் பாருங்கள். அதுவே கனமாக இருந்தால் வீலுக்குள்தான் காய்ந்திருக்கிறது. வீல் மட்டும் லேசாகச் சுற்றினால் பிசின் தலைக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

தலைக்குள் இருந்தால் வழி மண்ணெண்ணெய். மிஷினைப் பின்பக்கம் சாய்த்து அடியில் நியூஸ்பேப்பர் போடுங்கள். நூலையும் பாபின் கேஸையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு எண்ணெய் ஓட்டையிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய். ஓட்டையே அடைத்திருந்தால் பழைய ஊசியால் குத்தித் திறக்க வேண்டும். நான் பார்த்த மிஷின்களில் இதுதான் அதிகம், மேலே வருஷக்கணக்கில் எண்ணெய் விட்டிருப்பார்கள், உள்ளே ஒரு சொட்டு போயிருக்காது. துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஓட்டுங்கள். இறக்கி வைத்து ஓட்டினால் நடுவில் துணி இல்லாமல், துணியைத் தள்ளும் பல்லும் ஃபுட்டும் உரசித் தேயும். புஷ் ஓரத்தில் டீ டிகாக்ஷன் மாதிரி ஒழுகும். துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள், தெளிவாக வரும் வரை. சுத்தமாக இறுகிப்போன மிஷினாக இருந்தால் ராத்திரி முழுக்க ஊறட்டும், வீலைப் பிடித்து முறுக்காதீர்கள்.

அறையில் அடுப்பு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். தோல் பெல்ட்டில் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு நிறுத்தினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மண்ணெண்ணெய் பழைய பிசினோடு இருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும், இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உரசும். அதனால் உடனே மிஷின் ஆயில், ஓட்டைக்கு இரண்டு சொட்டு. மறுநாள் காலையில் மறுபடி ஒரு தடவை. அதற்குப் பிறகு நாள் முழுக்கத் தைப்பவர்கள் தினமும் ஓட்டைக்கு ஒரு சொட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் தைப்பவர்கள் வாரம் ஒரு தடவை.

கனம் மிதியில் என்றால் அங்கே கிரீஸுக்கு வேலை உண்டு. மிதிக்கட்டையையும் பெரிய வீலையும் இணைக்கும் ராடின் மேல் முனையில் சிலவற்றில் பால் பேரிங் இருக்கும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, கொண்டைக்கடலை அளவு சாதாரண கிரீஸ் வைத்தால் போதும். மிதிக்கட்டை ஊசலாடும் இரண்டு கூர் முனைகளுக்கு எண்ணெய். எல்லாம் சரியாக இருந்தும் கனக்கிறதென்றால் ராடில் தலைமுடியும் நூலும் சுற்றியிருக்கிறதா பாருங்கள்.

கத்துகிறது

சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. கீச்சென்று மெல்லிய சத்தம் என்றால் எங்கோ காய்ந்திருக்கிறது, மிஷின் ஆயிலுக்கு அடங்கும். பாபின் பக்கத்தில் கரகரவென்றால் ஷட்டில் ஓடும் வளையத்தில் நூல் துணுக்கு மாட்டியிருக்கும். கழற்றி, பிரஷ்ஷால் பஞ்சை எடுத்துவிட்டு வளையத்தில் ஒரே ஒரு சொட்டு. எண்ணெய் அதிகம் தின்கிற இடம் அதுதான், நாள் முழுக்க ஓடினால் ஒரு நாளில் காய்ந்துவிடும்.

டக் டக்கென்று தட்டும் சத்தம் வேறு கதை. ஏதோ தேய்ந்திருக்கிறது அல்லது திருகு தளர்ந்திருக்கிறது. கெட்டி எண்ணெய் விட்டால் சத்தம் கொஞ்ச நாள் அமுங்கும். செகண்ட் ஹேண்ட் மிஷின் வாங்கப் போனால் இதைக் கவனியுங்கள்: புதிதாகக் கெட்டி எண்ணெய் மினுங்கும் மிஷினை, துடைத்துவிட்டு மிஷின் ஆயில் விட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் முகம் மாறினால் நடையைக் கட்டுங்கள்.

துணியில் எண்ணெய்க் கறை

எங்கள் பக்கத்துத் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டால் எனக்கு வரும் போனெல்லாம் இதுதான். ஊசி இறங்கும் இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள். வேலை மும்முரத்தில் காலையில் அவசரமாக எண்ணெயைக் கொட்டிவிட்டு நேராகப் பட்டுப் புடவை பிளவுஸில் உட்கார்ந்திருப்பார்கள்.

நீடில் பாருக்கு ஒரு சொட்டு போதும். மிச்சமெல்லாம் பார் வழியாக இறங்கி ஊசி கிளாம்பில் சேர்ந்து, வேகம் பிடிக்கும்போது சிதறும். எண்ணெய் போட்டதும் ஃபுட்டைத் தூக்கி இரண்டு நிமிடம் ஓட்டி, பாரையும் ஊசியையும் துடைத்து, வேஸ்ட் துணியில் ஒரு முழம் தைத்துப் பாருங்கள். சுத்தமாக வந்த பிறகு உருப்படியான துணியை எடுங்கள். இன்னும் நல்ல பழக்கம், எண்ணெய் போடுவதை ராத்திரிக்கு மாற்றிக்கொள்வது. ஃபுட்டுக்கு அடியில் பழைய பனியன் துணியை மடித்து வைத்து ஊசியை அதில் இறக்கிவிட்டுத் தூங்கப் போங்கள். வழிவதை விடிவதற்குள் துணி குடித்துவிடும்.

புள்ளி கறுப்பாக இருந்தால் புது எண்ணெய் மேல் பழி போடாதீர்கள். அது பாரில் ஏற்கெனவே ஊறிக்கிடந்த அழுக்கு. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பாரை மேலும் கீழும் துடைத்தெடுக்க வேண்டும். கறை மேலே இல்லாமல் துணிக்கு அடியில், தையல் நூலோடு வந்தால் பாபின் கேஸைத் திறந்து பாருங்கள். நூல் கண்டே நனைந்திருக்கும். பாபின் கேஸுக்குள் எண்ணெய் விடும் வேலையே கிடையாது.

ஜூக்கி வகை மிஷினில் எண்ணெய் தானாகவே பம்பில் ஏறுகிறது. அங்கே கறை வந்தால் பெரும்பாலும், கீழே சுழன்று நூலைப் பிடிக்கும் ஹூக்குக்கு வரும் எண்ணெய் அதிகமாகியிருக்கும். ஹூக்குக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை, தொடாமல், பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி ஓட்டச் சொல்லுங்கள். நூலும் பாபின் கேஸும் மாட்டியிருக்கக் கூடாது, ஃபுட் தூக்கியிருக்க வேண்டும், விரல் ஹூக்கை நெருங்கவே கூடாது. தாளில் மெல்லிய கோடு மாதிரி தெளித்திருந்தால் அளவு சரி. பட்டையாக நனைந்திருந்தால் அதிகம். ஒன்றுமே இல்லையென்றால் ஹூக் காய்கிறது, அது கறையைவிட மோசம். அளவைக் குறைக்க ஹூக் ஷாஃப்டின் முன் புஷ்ஷில் சின்னத் திருகு இருக்கிறது. கொஞ்சமாகத் திருப்பி, சற்று ஓட்டிவிட்டு மறுபடி தாள் சோதனை. ஒரே திருப்பில் சரிசெய்யப் பார்ப்பவர்கள்தான் அடுத்த வாரம் புது ஹூக் வாங்குகிறார்கள்.

எண்ணெய் போட்டதிலிருந்து தையல் கெட்டுவிட்டது

துணிக்கு அடியில் நூல் கொசகொசவென்று வளையம் வளையமாக வருகிறதா? டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் எண்ணெய் போய்விட்டது. நூலைப் பிடித்து நிறுத்தத்தான் அந்த இரண்டு தட்டும் இருக்கின்றன. எண்ணெய் பட்டால் வழுக்கும். டென்ஷனை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். ஃபுட்டைத் தூக்கினால் தட்டு தளரும். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் தொட்ட துணி நாடாவை நடுவில் விட்டு இழுங்கள், அழுக்கு வராமல் போகும் வரை.

பாபின் சுற்றவில்லையா, அங்கே இருக்கும் ரப்பர் வளையத்தில் எண்ணெய் பட்டிருக்கும். துடைத்தால் சரியாகும். ஊறி உப்பிவிட்டால் புது ரப்பர்தான், சில ரூபாய் சமாச்சாரம். பெல்ட் வழுக்கினாலும் இதே காரணம்.

பவர் மிஷினின் பெரிய கிளட்ச் மோட்டாருக்கும் சர்வோ மோட்டாருக்கும் எண்ணெய் விடாதீர்கள். பேரிங் மூடியே வருகிறது, கிளட்ச் கட்டையில் எண்ணெய் பட்டால் பிடிக்காது. வீட்டு மிஷினில் பக்கவாட்டில் மாட்டும் குட்டி மோட்டாரில் கார்பன் பிரஷ் இருக்கிறது. உள்ளே எண்ணெய் போனால் புகையும்.

கண்ணாடி ஜன்னலில் எண்ணெய் தெறிக்கவில்லை

பவர் மிஷின் ஓடும்போது தலையில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் எண்ணெய் தெறிப்பது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். "இந்த ஒரு லாட்ட முடிச்சுட்டுப் பாக்கலாம்ணா" என்று சொன்ன ஒரு யூனிட்டில் மெயின் ஷாஃப்ட் நீலமாகிப் போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தலையைச் சாய்த்து எண்ணெய்த் தொட்டியைப் பாருங்கள். மேல், கீழ் என்று இரண்டு கோடு இருக்கும், எண்ணெய் கீழ்க் கோட்டுக்கு இறங்கக் கூடாது. எண்ணெய் இருந்தும் ஏறவில்லையென்றால் பம்பின் வலையில் பஞ்சு அடைத்திருக்கும். எண்ணெய் மஞ்சளாகியிருந்தால் மேலே புதிதாக ஊற்றிச் சமாளிக்காமல், முழுக்க எடுத்துத் தொட்டியைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். புது மிஷினையும் ரொம்ப நாள் சும்மா கிடந்த மிஷினையும் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓட்ட வேண்டாம். நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேல் போகக்கூடிய மிஷினாக இருந்தாலும் முதல் பத்து நிமிடம் 3,000 முதல் 3,500க்குள் ஓடட்டும்.

'ட்ரை ஹெட்' என்று வரும் மிஷின்களில் தலைக்குள் கம்பெனி கிரீஸ்தான் இருக்கும். அங்கே எண்ணெய் விட்டால் கிரீஸ் கரைந்து வழிந்துவிடும்.

வீட்டு ஜிக்ஜாக் மிஷின்: மோட்டார் முனகுகிறது, மிஷின் நகரவில்லை

கல்யாணச் சீராக வந்து பரணில் ஏறிய மிஷின்தான் பெரும்பாலும் இப்படி. மேல் மூடியைத் திறந்தால் பல் சக்கரங்களில் கிரீஸ் காய்ந்து, பழைய மெழுகுவத்தி மாதிரி மஞ்சளாக இருக்கும். பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் கருகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு பல்லாகச் சுரண்டி எடுங்கள். பொறுமை வேண்டும். நைலான் பல் இருந்தால் இரும்பு ஊசி கொண்டு கீறாதீர்கள்.

சுத்தம் ஆனதும் வெள்ளை லித்தியம் கிரீஸ், பல்லின் மேல் மெல்லிய பூச்சாக. லாரிப் பட்டறையின் கறுப்பு கிரீஸ் வேண்டாம். நைலானுக்கு சிலிக்கான் கிரீஸும் ஒத்துவரும். கையால் நாலு சுற்றுச் சுற்றினால் தானாகப் பரவும், வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடுங்கள். பக்கத்து ஷாஃப்ட் புஷ்ஷுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய்.

மேலிருந்து பாபின் போடும் மாடல்களில் கறுப்பு பிளாஸ்டிக் கேஸுக்கு எதுவும் வேண்டாம். சிலவற்றில் அதற்கு அடியில், ஹூக்கின் நடுவில் சின்னத் திரி இருக்கும். அதற்கு ஒரு சொட்டு. கம்ப்யூட்டர் மிஷின் என்றால் கூட வந்த புத்தகம் சொல்வதே சட்டம்.

துரு

கடலோரத்தில் இருக்கிறோம். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் ஜன்னலோரம் வைத்த மிஷினின் பிளேட்டில் ஒரே மழைக்காலத்தில் செம்புள்ளி வந்துவிடும். உப்புக் காற்றோடு கை வியர்வையும் சேர்ந்துகொள்ளும். வேலை முடிந்ததும் மிஷின் ஆயில் தொட்ட துணியால் பிளேட், நீடில் பார், வீல் மூன்றையும் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு மூடிப் போடுங்கள். பிளாஸ்டிக் கவரைவிடப் பருத்தித் துணி நல்லது. பிளாஸ்டிக்குக்குள் ஈரம் வியர்க்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் முழுகிய மிஷின்கள் நிறைய வந்தன. எண்ணூர்ப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்தவற்றில் சேற்றோடு கறுப்பு எண்ணெயும் ஒட்டியிருந்தது, வெள்ளத்தில் கலந்து வந்தது. அந்த மாதிரி நேரத்தில்தான் டபிள்யூ.டி-40க்கு உண்மையான வேலை. பெயரே தண்ணீரை வெளியேற்றுவது என்பதன் சுருக்கம்தான், நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதால் 40. நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, துடைத்து, அதை அடித்து ஈரத்தை விரட்டுங்கள். அப்புறம் மண்ணெண்ணெய், அப்புறம் மிஷின் ஆயில். நனைந்த மோட்டாரை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் கரண்ட் கொடுக்காதீர்கள். தினசரி எண்ணெய்க்குப் பதிலாக அந்த ஸ்ப்ரேயை அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்கு மிஷின் பறக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சும் மெல்லிய படலம் நாள் முழுக்க ஓடும் ஷாஃப்டுக்குத் தாங்காது.

எல்லாம் செய்தும் அடங்கவில்லை

ஊசியை மேலே ஏற்றி, நீடில் பாரின் கீழ் முனையை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. தையல் தாவுவதும் ஊசி ஒடிவதும் கூடவே இருக்கும். கறுப்பு மிஷினில் அந்த புஷ்ஷை மாற்றலாம், தலையை மட்டும் பெட்டியிலிருந்து கழற்றி எடுத்து வந்தால் போதும். மிதியை எல்லாம் ஆட்டோவில் ஏற்ற வேண்டியதில்லை.